டீபக்கர் செருகினால் ஓடுகிறது, உருவினால் தூங்கிவிடுகிறது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எஸ்டிஎம்32எஃப்103 என்ற மைக்ரோகண்ட்ரோலர் சிப் உள்ள ஒரு போர்டு. எஸ்டி-லிங்க் வி2 என்ற டீபக்கர் (பிழைதேடும் கருவி) மூலம் கணினியோடு இணைத்து, ஓப்பன்ஓசிடி, ஜிடிபி என்ற இரண்டு மென்பொருள்களை வைத்துப் பிழை தேடுகிறீர்கள். சென்சாரைப் படித்துவிட்டு சிப் ஸ்டாப் மோடு என்ற ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக வேண்டும், நிமிடத்துக்கு ஒருமுறை ஆர்டிசி (சிப்பின் உள் கடிகாரம்) அலாரம் அதை எழுப்ப வேண்டும். டீபக்கர் செருகியிருந்தால் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. கழற்றிவிட்டுப் பேட்டரியில் போட்டால் முதல் தூக்கத்திலிருந்து எழுவதே இல்லை. இதோடு மூன்று உபரிப் புகார்கள்: ஏழாவது பிரேக்பாயின்டை (நிரலை நிறுத்திப் பார்க்கும் இடம்) ஏற்க மறுக்கிறது, ஒவ்வொரு வரியாக நகர்த்தினால் திடீரென்று சிஸ்டிக் ஹேண்ட்லருக்குள் (சீரான இடைவெளியில் அடிக்கும் உள் டைமருக்கான துணைநிரல்) போய் நிற்கிறது, யூஆர்ட்டில் (சீரியல் தொடர்பு) வரும் பைட் சில சமயம் காணாமல் போகிறது. 'ஓப்பன்ஓசிடியின் தெரிந்த குறைபாடுகள் என்னென்ன?' என்று முடித்திருக்கிறீர்கள். குறைபாடுகளின் பட்டியல் கிடைத்தால் மட்டும் உங்கள் வேலை முடியாது என்று நினைக்கிறேன். இந்தக் கருவி காட்டுவதை எதுவரை நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் கோவைப் பக்கம் மோட்டார் கட்டுப்பாட்டு போர்டுகளுக்குப் பல வருடங்களாக ஃபெர்ம்வேர் (சிப்பின் உள்ளே ஓடும் நிரல்) எழுதுபவன். உங்களுடையதைப் போன்ற கார்டெக்ஸ்-எம் சிப்கள்தான் என் அன்றாடம். ரிஸ்க்-வி, லினக்ஸ் ஓடும் பெரிய பிராசஸர்கள் பற்றி இங்கே பேசப் போவதில்லை. உங்கள் நிரலிலும் நீங்கள் காட்டிய துண்டு மட்டுமே எனக்குத் தெரியும். ஆகவே கருவி என்ன செய்கிறது என்று சொல்லும் இடங்களில் உறுதியாகச் சொல்வேன். உங்கள் போர்டில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லும் இடங்களில் அது என் ஊகம், அதைச் சோதிக்கும் வழியையும் சேர்த்தே சொல்வேன்.

முதலில், திட்ட வேண்டிய ஆள் யார் என்று பார்ப்போம். நீங்கள் திரையில் பார்க்கும் ஒரு மாறியின் மதிப்பு நான்கு கை மாறி வருகிறது. சிப்பின் உள்ளேயே ஒரு டீபக் பகுதி இருக்கிறது. அதோடு இரண்டு கம்பியில் பேசுவது எஸ்டி-லிங்க்கின் உள்ளே ஓடும் ஃபெர்ம்வேர். அதோடு யூஎஸ்பியில் பேசுவது ஓப்பன்ஓசிடி. அதோடு பேசுவது ஜிடிபி. ஓப்பன்ஓசிடி 2005-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டொமினிக் ராத் என்ற மாணவரின் பட்டயத் திட்டமாகத் தொடங்கியது. இன்று நூற்றுக்கணக்கான சிப்களைத் தெரிந்து வைத்திருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் ஒரு தூதுவன்தான். நீங்கள் சொன்ன புகார்களில் பாதிக்கு மேல் சிலிக்கனிலேயே போடப்பட்ட எல்லைகள். விலை உயர்ந்த வேறு டீபக்கர் வாங்கினாலும் அவற்றில் சில அப்படியே இருக்கும்.

சரி, பெரிய புகாருக்கு வருவோம். டீபக்கர் இருந்தால் ஓடுவது, இல்லாவிட்டால் நிற்பது. இதற்கு ஓப்பன்ஓசிடிக்கு நேரடிப் பங்கு உண்டு, அதுவும் உங்களிடம் சொல்லாமலே. எஸ்டிஎம்32 சிப்களில் டிபிஜிஎம்சியு என்றொரு பகுதி இருக்கிறது. அதன் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் (அமைப்புகளை வைக்கும் சிறு நினைவிடம்) ஸ்லீப், ஸ்டாப், ஸ்டாண்ட்பை என்று மூன்று பிட்கள். ஸ்டாப் மோடில் சாதாரணமாக கோரின் (நிரலை ஓட்டும் பகுதி) கிளாக் நின்றுவிடும். நின்றால் டீபக்கரின் தொடர்பும் அறுந்துவிடும். அது அறுந்துபோகாமல் இருக்க இந்த பிட்களை 1 ஆக்கினால், தூங்கும்போதும் உள் ஆர்சி ஆசிலேட்டரிலிருந்து கிளாக் வந்துகொண்டே இருக்கும். ஓப்பன்ஓசிடியோடு வரும் எஸ்டிஎம்32எஃப்1 கோப்பைத் திறந்து பாருங்கள். சிப்போடு இணைந்தவுடன் இந்த மூன்று பிட்களையும், கூடவே இரண்டு வாட்ச்டாக்களை (நிரல் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்கள்) நிறுத்தும் பிட்களையும் அது தானாகவே எழுதுகிறது. இதில் சந்தேகமே இல்லை, கோப்பிலேயே ஒரு குறிப்போடு அந்த வரி இருக்கிறது.

இதன் விளைவைப் பாருங்கள். கிளாக் ஓடுகிறது என்றால் சிஸ்டிக்கும் ஓடுகிறது. சிஸ்டிக் ஓடினால் சில மில்லிசெகண்டுக்கு ஒரு இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைமறிக்கும் அழைப்பு). அந்த இன்டரப்ட் சிப்பை எழுப்பிவிடும். நீங்கள் காட்டிய துண்டில் 'அலாரம் கொடி வரும்வரை மறுபடி தூங்கு' என்று ஒரு சுழற்சி இருக்கிறது. டீபக்கர் செருகியிருக்கும்போது உங்கள் சிப் தூங்கவே இல்லை, அது கோழித்தூக்கம். சில மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கண்ணைத் திறந்து, கொடி வந்ததா என்று பார்த்துவிட்டு மறுபடி தலையைத் தொங்கப் போடுகிறது. நிமிடம் முடிந்ததும் கொடி வந்திருக்கிறது, வேலை நடக்கிறது, நீங்களும் அலாரம்தான் எழுப்பியது என்று நம்பிவிட்டீர்கள். இதைச் சரிபார்க்க ஒரு எளிய வழி: தூங்கச் சொல்லும் வரிக்கு அடுத்த வரியில் ஒரு எண்ணியைக் கூட்டுங்கள். ஒரு நிமிடம் கழித்து நிறுத்திப் பாருங்கள். உண்மையான தூக்கமாக இருந்தால் 1 இருக்கும். ஆயிரக்கணக்கில் எண் இருந்தால் நான் சொன்னதுதான் நடக்கிறது.

பேட்டரியில் ஏன் எழவில்லை என்பது என் ஊகம். இந்தச் சிப் குடும்பத்தில் ஆர்டிசி அலாரம் ஸ்டாப் மோடிலிருந்து எழுப்ப வேண்டுமானால் அது எக்ஸ்டிஐ (வெளி இன்டரப்ட்களைக் கையாளும் பகுதி) 17-வது கோடு வழியாக வர வேண்டும். அந்தக் கோட்டின் மாஸ்க்கைத் திறந்து, ஏறும் விளிம்பு என்று அமைத்து, அலாரத்துக்கான தனி இன்டரப்டையும் இயக்க வேண்டும். வெறும் ஆர்டிசி பொது இன்டரப்டை மட்டும் இயக்கினால் விழித்திருக்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும், ஆழ்ந்த தூக்கத்தில் மட்டும் சத்தம் கேட்காது. நீங்கள் காட்டிய துண்டில் 17-வது கோட்டைப் பற்றி எதுவும் இல்லை. வேறு கோப்பில் இருக்கலாம், எனக்குத் தெரியாது. இருந்தால் என் ஊகம் தப்பு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஸ்டாப்பிலிருந்து எழுந்ததும் சிப் 8 மெகாஹெர்ட்ஸ் உள் கிளாக்கில்தான் இருக்கும், வேகத்தை உயர்த்தும் பிஎல்எல்லை நீங்கள்தான் மறுபடி இயக்க வேண்டும். பலர் இதைக் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் டீபக்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது ஒன்றே. ஆகவே உங்கள் வித்தியாசத்தை இது விளக்காது.

இங்கேதான் பலரைக் குழப்பும் ஒரு சங்கதி இருக்கிறது. டீபக்கரைக் கழற்றினால் அது போட்ட பிட்களும் போய்விடும் என்று நினைக்கிறோம். போகாது. டிபிஜிஎம்சியு ரெஜிஸ்டர் ரீசெட் பட்டனுக்கு அசையாது. மின்சாரம் போய் மறுபடி வந்தால்தான் அழியும். கோரின் உள்ளே இருக்கும் டீபக் அனுமதி பிட்டும் அப்படித்தான், டீபக்கரே அழித்துவிட்டுப் போனால் ஒழிய. ஆகவே ஒரு சோதனை செய்யுங்கள். பேட்டரியைப் போட்டு, டீபக்கரையும் செருகி ஓடவிடுங்கள். பேட்டரி இருக்க டீபக்கரை மட்டும் உருவுங்கள். ஓடுகிறதா? ரீசெட் அழுத்துங்கள். இன்னும் ஓடுகிறதா? இப்போது பேட்டரியைக் கழற்றிப் பத்து வினாடி கழித்துப் போடுங்கள். இந்த மூன்றாவது படியில்தான் நிற்கிறது என்றால், டீபக்கர் விட்டுச்சென்ற பிட்கள்தான் உங்கள் நிரலை இதுவரை தாங்கிப் பிடித்திருக்கின்றன. முதல் படியிலேயே நின்றால் வேறு பக்கம் தேட வேண்டும். மலிவான எஸ்டி-லிங்க் குச்சிகள் 3.3 வோல்ட்டையும் தருகின்றன. அந்தக் கம்பியையும் செருகியிருந்தால் உங்கள் போர்டு பேட்டரியில் ஓடவில்லை, கணினியின் யூஎஸ்பியில் ஓடியிருக்கிறது.

இதே குடும்பத்தில் இன்னும் சில ஆசாமிகள் உண்டு. மைக்ரோசெகண்ட் தாமதத்துக்கு கோரின் கிளாக்குகளை எண்ணும் டிடபிள்யூடி சைக்கிள் எண்ணியைப் பயன்படுத்துகிறீர்களா? அது எண்ணத் தொடங்க, டிரேஸ் அனுமதி பிட்டை முதலில் போட வேண்டும். டீபக்கர் இணைந்தால் அதை அதுவே போட்டுவிடுகிறது. உங்கள் நிரலில் அந்த வரி விட்டுப்போனது உங்கள் மேசையில் ஒருநாளும் தெரியாது. வாடிக்கையாளர் வீட்டில் எண்ணி பூஜ்யத்திலேயே நிற்கும், தாமதம் முடியவே முடியாது. இன்னொன்று செமிஹோஸ்டிங். பிரின்ட்எஃப் வரிகள் டீபக்கர் வழியாகத் திரைக்கு வருவது வசதிதான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு பிகேபிடி (பிரேக்பாயின்ட்) கட்டளை கோரை நிறுத்துகிறது. எதிரில் டீபக்கர் இல்லையென்றால் அதே கட்டளை ஹார்ட்ஃபால்ட்டில் (கோர் மேலே போக முடியாத கடும் பிழை) முடியும். வாட்ச்டாக்: டீபக்கர் கோரை நிறுத்தும்போதெல்லாம் அதுவும் நின்றுவிடுவதால், அதற்கு நேரத்தில் உணவிடுகிறீர்களா என்பது அடிக்கடி நிறுத்திப் பார்க்கும் அமர்வில் தெரியாது. அப்புறம் தொடக்க நேரம். ஓப்பன்ஓசிடி ரீசெட் செய்து ஓடவிடும்போது மின்சாரம் எப்போதோ நிலைத்துவிட்டது, வெளியே இருக்கும் சென்சாரும் எப்போதோ விழித்துவிட்டது. பேட்டரியைச் செருகும் கணத்தில் அப்படியில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று சிப்புக்குச் சொல்லும் பூட்0 பின்னை எதோடும் கட்டாமல் அந்தரத்தில் விட்டிருந்தால் அதுவும் இதே முகத்தோடு வரும்.

உபரிப் புகார்களில் முதல் இரண்டும் உண்மையில் ஒன்றுதான், அதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். ஃபிளாஷில் ஓடும் நிரலில் பிரேக்பாயின்ட் வைக்க, சிப்பில் உள்ள முகவரி ஒப்பீட்டுச் சுற்றுகள் வேண்டும். ரேமில் என்றால் கட்டளையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிகேபிடியை எழுதிவிடலாம், எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடில்லை. ஃபிளாஷில் அப்படி நினைத்தபடி எழுத முடியாது. உங்கள் கார்டெக்ஸ்-எம்3-ல் இப்படிப்பட்ட ஒப்பீட்டுச் சுற்றுகள் ஆறு. கார்டெக்ஸ்-எம்0 என்றால் அதிகபட்சம் நான்கு. ஈஎஸ்பி32-ல் இரண்டே இரண்டு. சில வணிக டீபக்கர்கள் ஃபிளாஷையே திருத்தி எழுதி எண்ணற்ற பிரேக்பாயின்ட் தருகின்றன. ஆனால் இந்தச் சிப்பின் ஃபிளாஷுக்கு உற்பத்தியாளர் உத்தரவாதம் தருவது 10,000 முறை அழித்து எழுதுவதற்குத்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது சிஸ்டிக் விஷயம். ஒரு அடி நகர்த்தும்போது நிலுவையில் இருக்கும் இன்டரப்ட் உங்களை இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக ஓப்பன்ஓசிடியில் மாஸ்க்ஐஎஸ்ஆர் என்று ஒரு அமைப்பு உண்டு. அது இயல்பாக 'ஆட்டோ' நிலையில் இருக்கும். ஆட்டோவில் அது முதலில் நிலுவையிலுள்ள ஹேண்ட்லர்களை ஓடவிட்டு, அவை முடிந்து திரும்பியதும் இன்டரப்டை மறைத்துக்கொண்டு உங்கள் வரியை நகர்த்துகிறது. திரும்பியதைப் பிடிக்க அதற்கே ஒரு வன்பொருள் பிரேக்பாயின்ட் வேண்டும். ஆறையும் நீங்களே வைத்துக்கொண்டால்? அது ஒன்றும் சொல்லாமல், இன்டரப்டை மறைக்காமலேயே அடி எடுத்து வைக்கிறது. நேராக சிஸ்டிக் ஹேண்ட்லரில் விழுகிறீர்கள். ஓப்பன்ஓசிடியின் கையேட்டிலேயே இது எழுதியிருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள் என்பது வேறு கதை. ஜிடிபியின் 'நெக்ஸ்ட்' கட்டளையும் ஃபங்ஷனைத் தாண்டிப் போகத் திரும்பும் இடத்தில் ஒரு தற்காலிக பிரேக்பாயின்ட் வைக்கிறது. ஆகவே ஆறு என்பதை நான்கு என்றே வைத்துக்கொண்டு பழகுங்கள். இரண்டு புகார்களும் சேர்ந்து போய்விடும்.

காணாமல் போகும் பைட்டுக்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் திரையின் ஓரத்தில் திறந்திருக்கும் ரெஜிஸ்டர் சாளரம். இந்தச் சிப்பில் யூஆர்ட்டின் தரவு ரெஜிஸ்டரைப் படித்தாலே 'பைட் வந்திருக்கிறது' என்ற கொடி அழிந்துவிடும். படிப்பது உங்கள் நிரலா, டீபக்கரா என்று வன்பொருளுக்குத் தெரியாது. கோர் நின்ற ஒவ்வொரு முறையும் அந்தச் சாளரம் எல்லா ரெஜிஸ்டர்களையும் படித்துக் காட்டுகிறது. உங்கள் நிரல் எடுக்க வேண்டிய பைட்டை அது முந்திக்கொண்டு எடுத்துவிடுகிறது. படித்தாலே நிலை மாறும் ரெஜிஸ்டர்கள் இன்னும் உண்டு, ஐ2சி தொடர்பின் முகவரிக் கொடி உட்பட. யூஆர்ட்டையும் ஐ2சியையும் அந்தச் சாளரத்தில் மூடிவைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பைட் போனால், கோர் நின்றிருந்த நேரத்தில் இரண்டாவது பைட் வந்து முட்டியிருக்கலாம். எதிரில் அனுப்புகிற கருவிக்கு நீங்கள் பிரேக்பாயின்டில் நிற்பது எப்படித் தெரியும்?

இந்தக் கடைசி வாக்கியத்துக்காக நான் ஒருமுறை விலை கொடுத்திருக்கிறேன். டீபக்கர் நிறுத்துவது கோரை மட்டும்தான். டைமர், டிஎம்ஏ (கோர் இல்லாமலே தரவை நகர்த்தும் பகுதி), பிடபிள்யூஎம் (மோட்டாருக்குப் போகும் துடிப்புகள்) எல்லாம் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பம்ப் மோட்டார் போர்டில், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் இன்டரப்டுக்குள் பிரேக்பாயின்ட் வைத்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கோர் நின்றது, பிடபிள்யூஎம் கடைசியாகச் சொன்ன அளவிலேயே அடித்துக்கொண்டிருந்தது, கட்டம் மாற்ற ஆளில்லை. ரோட்டார் ஒரு இடத்தில் இறுகிப் பிடித்து நிற்க, சுருளின் மின்தடை மட்டுமே மின்னோட்டத்துக்குத் தடை. திரையில் மாறியின் மதிப்பைப் படிப்பதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மூன்று மாஸ்ஃபெட் போயின. மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லை, உடைந்த போர்டை என் மேசையிலேயே ஒரு மாதம் வைத்திருந்தார். கோர் நிற்கும்போது டைமரையும் நிறுத்தும் பிட்கள் அதே டிபிஜிஎம்சியுவில் இருக்கின்றன. ஆனால் நான் மேலே சொன்ன எஃப்1 கோப்பு வாட்ச்டாக்களுக்குத்தான் அதைப் போடுகிறது, டைமர்களுக்கு நீங்கள்தான் போட வேண்டும். மோட்டார் டைமரில் அந்த பிட் அவுட்புட்டையும் அணைத்துவிடும் என்று உங்கள் சிப்பின் கையேடு சொல்கிறது. வேறு குடும்பத்துக்கு மாறினால் அந்தக் கையேட்டில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், மின்சக்தி ஓடும் போர்டில் பிரேக்பாயின்டே வேண்டாம்.

நீங்கள் இன்னும் கேட்காத, ஆனால் சீக்கிரம் முட்டப்போகும் இரண்டு விஷயங்கள். ஒன்று வாட்ச்பாயின்ட். ஒரு மாறியை யார் மாற்றுகிறார்கள் என்று பிடிக்க அருமையான வழி, உங்கள் சிப்பில் நான்கு உண்டு. ஆனால் அது கவனிப்பது கோர் செய்யும் படிப்பையும் எழுத்தையும் மட்டும். டிஎம்ஏ வந்து அந்த இடத்தில் எழுதினால் அதன் கண்ணில் படாது. மதிப்பு மாறிவிட்டது, வாட்ச்பாயின்ட் அடிக்கவே இல்லை என்றால் கருவி கெட்டுவிட்டது என்று எண்ணாமல் டிஎம்ஏவின் நீளத்தைச் சரிபாருங்கள். அடித்தாலும், நிற்கும் இடம் எழுதிய கட்டளையைத் தாண்டி ஒன்றிரண்டு கட்டளை தள்ளித்தான் இருக்கும்.

இரண்டாவது, ஹார்ட்ஃபால்ட் வந்தபின் காட்டும் முகவரி. எம்3, எம்4 கோர்களில் எழுதும் தரவு ஒரு சிறு இடைத்தாங்கியில் போய்க் காத்திருக்கும், கோர் அடுத்த வேலைக்குப் போய்விடும். எழுத்து தோற்றது தெரிய வரும்போது கோர் வேறெங்கோ இருக்கும். அடுக்கில் சேமித்த முகவரி அந்த 'வேறெங்கோ'வைத்தான் காட்டும். நானும் ஒரு குற்றமற்ற ஃபங்ஷனை இரண்டு நாள் சந்தேகப்பட்டிருக்கிறேன். ஃபால்ட் நிலை ரெஜிஸ்டரில் 'துல்லியமற்ற பஸ் பிழை' பிட் எழுந்திருந்தால் அந்த முகவரியை நம்பாதீர்கள். எம்4-லும் எம்3-ன் பிந்தைய பதிப்புகளிலும் துணைக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் அந்த இடைத்தாங்கியை அணைக்கும் பிட் ஒன்று இருக்கிறது; உங்கள் சிப்பின் பழைய எம்3-ல் இல்லாமல் இருக்கலாம். அதைப் போட்டு மறுபடி ஓட்டினால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபடுவான். ஓட்டம் கொஞ்சம் மெதுவாகும், நேரம் சார்ந்த பிழையென்றால் அதனாலேயே ஒளிந்துகொள்ளவும் கூடும்.

வேகத்தைப் பற்றியும் கொஞ்சம். ஓடும்போதே மாறிகளைப் பார்க்கும் வசதி கார்டெக்ஸ்-எம் சிப்களில் இருக்கிறது, கோரை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இரண்டு கம்பி வழியாக 32 பிட்டைப் படிக்க, கேள்வி, ஒப்புகை, தரவு, திசைமாற்றம் எல்லாம் சேர்த்துக் குறைந்தது 46 கிளாக் ஆகிறது. வி2-ன் உச்ச வேகமான 4 மெகாஹெர்ட்ஸில் அது 11.5 மைக்ரோசெகண்ட். அதற்குள் 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும் உங்கள் கோர் 800 கிளாக்குக்கு மேல் கடந்துவிடும். யூஎஸ்பியின் காத்திருப்பு இதற்கு மேல் தனி. ஒரு 64 பிட் எண்ணை இப்படி இரண்டு பாதியாகப் படித்தால், மேல்பாதி பழையதும் கீழ்பாதி புதியதுமாக ஒட்டி வரலாம். அபத்தமான மதிப்பு எப்போதோ ஒருமுறை தோன்றி மறைந்தால் உடனே நிரலைச் சந்தேகிக்காதீர்கள். ஜம்பர் கம்பி நீளமாக இருந்தால் 4 மெகாஹெர்ட்ஸே வேண்டாம், 950 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். அவ்வப்போது தொடர்பு அறுவது பாதி நேரம் இதனால்தான்.

இதுவரை சொன்னவற்றில் தூக்க பிட்கள் தவிர மற்றவை பெரும்பாலும் சிலிக்கனின் எல்லைகள். ஓப்பன்ஓசிடியின் கணக்கில் நேராகச் சேர வேண்டியவை சிலவே. எஸ்டி-லிங்க்கை அது பழைய 'எச்எல்ஏ' வழியில் ஓட்டும்போது, சிப்பின் டீபக் பகுதியோடு நேராகப் பேசாமல் எஸ்டி-லிங்க்கின் ஃபெர்ம்வேர் தரும் சில கட்டளைகளோடு அடங்கிப்போகிறது. ஒற்றை கோர் சிப்புக்கு அது போதும். பல கோர் சிப்புக்குப் போனால் 'டேப்டைரக்ட்' வழிக்கு மாறுங்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ் (சிறு சிப்களுக்கான இயங்குதளம்) டாஸ்க்களை அது பட்டியலிடக் கேட்கும் ஒரு மாறி சில ஃப்ரீஆர்டிஓஎஸ் பதிப்புகளில் இல்லை. அப்படியானால் ஓப்பன்ஓசிடியோடு வரும் ஒரு சிறு சி கோப்பை உங்கள் திட்டத்தில் சேர்த்தால் டாஸ்க்குகள் தெரியும். மலிவான நீல போர்டுகளில் சிலவற்றில் இருப்பது அசல் எஸ்டிஎம்32 அல்ல. 1-ல் தொடங்க வேண்டிய அடையாள எண் 2-ல் தொடங்குகிறது என்று ஓப்பன்ஓசிடி புகார் செய்து நின்றுவிடும். அது கருவியின் பிடிவாதம்தான், எண்ணை மாற்றிக் கொடுத்தால் ஓடும். ஆனால் உள்ளே இருப்பது வேறு சிப் என்று உங்களுக்குச் சொன்னதற்கு அதற்கு நன்றி சொல்ல வேண்டும். டீபக்கர் இணையும் எஸ்டபிள்யூடி பின்களான பிஏ13, பிஏ14 இரண்டையும் நிரலில் தவறிப்போய் சாதாரண பின்னாக்கிவிட்டால், ரீசெட் கம்பியையும் இணைத்து, ரீசெட்டில் பிடித்துக்கொண்டே இணையும்படி அமைத்தால் மீட்கலாம்.

உங்கள் தூக்கப் பிரச்சினைக்குத் திரும்பி, நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன வரிசையில் போவேன் என்று சொல்கிறேன். முதலில் அந்த எண்ணிச் சோதனை, அதற்குப் பத்து நிமிடம் போதும். அப்புறம் பேட்டரி, ரீசெட், மின்சாரம் என்ற மூன்று படிச் சோதனை. பிறகு ஓப்பன்ஓசிடியின் எஃப்1 கோப்பை உங்கள் திட்ட அடைவுக்குள் நகலெடுத்து, தூக்கத்துக்கான மூன்று பிட்களை மட்டும் நீக்கி, மின்சாரத்தையும் ஒருமுறை துண்டித்து மறுபடி இணையுங்கள். இப்போது டீபக்கர் செருகியிருந்தும் பிழை அப்படியே வரும். சிப் தூங்கியதும் தொடர்பு அறும், ஓப்பன்ஓசிடி சிவப்பில் கத்தும், கத்தட்டும். தூக்கத்துக்கு முன்னும் பின்னும் காலியான ஒரு பின்னை ஏற்றி இறக்குங்கள், ஒரு எட்டுச் சானல் லாஜிக் அனலைசரில் அதைப் பாருங்கள். ஒரு பின்னை மாற்றுவதற்கு ஒன்றிரண்டு கட்டளைதான் செலவு. பிரேக்பாயின்டைப் போல அது உலகத்தை நிறுத்தாது. 17-வது கோட்டை அமைத்தபின் அந்தப் பின் நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் துடித்தால் வேலை முடிந்தது.

தூக்கத்தில் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று அளக்கப் போவீர்கள் இல்லையா, அப்போது எஸ்டி-லிங்க்கின் தரைக் கம்பி உட்பட எல்லாவற்றையும் உருவிவிட்டு, பேட்டரியை ஒருமுறை கழற்றிப் போட்ட பிறகு அளந்து பாருங்கள். அந்த மூன்று பிட்கள் உயிரோடு இருக்கும்வரை சில மில்லிஆம்பியர் காட்டும், மைக்ரோஆம்பியர் வரவே வராது.